உளவியல் தன் வரலாற்றைக் கற்ற வரலாறு

ஒரு துறையில் முதுநிலைப் பட்டம் பெற விரும்பும் மாணவன் அத்துறையின் இன்றைய முடிவுகளையும் ஆய்வுமுறைகளையும் கற்பது இயல்பு. வேதியியல் பயில்கிறவன் பழங்கால இரசவாதிகளின் சுவடிகளைப் புரட்ட வேண்டியதில்லை. இயற்பியல் பயில்கிறவன் நியூட்டனின் மூலநூலைத் திறவாமலே தேர்ச்சி பெறலாம். ஆனால் உளவியல், தன்னை ஓர் அறிவியல் என்று அறிவித்துக்கொண்டு நூறாண்டுகள் நிறையுமுன்னரே, தன் வரலாற்றையும் கோட்பாட்டு அடிப்படைகளையும் ஆராய்வதற்கென்று தனியான முதுநிலைப் படிப்பை ஏற்படுத்திக்கொண்டது. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில் உளவியல் வரலாற்றில் முனைவர் பட்டப் படிப்பு தொடங்கப்பெற்றது. கனடா நாட்டு டொராண்டோ நகரிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் 1980களின் தொடக்கத்தில் உளவியலின் வரலாறும் கோட்பாடும் பயிற்றும் மேற்படிப்பு உருவாயிற்று. ஓர் அறிவியலுக்கு இத்தகைய படிப்பு ஏன் தேவைப்பட்டது? அதனால் விளைந்த பயன் யாது? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது உளவியலாருக்கு மட்டும் உரிய உள்வீட்டுச் செய்தியன்று. 1925ஆம் ஆண்டு ஆண்டன் பாய்சன் என்ற அமெரிக்கப் போதகர் இறையியல் மாணவர் சிலரை வூஸ்டர் அரசு மனநல மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று பயிற்றுவித்த நாள்முதல், ஆயர் பணிக்கு ஆயத்தமாகிறவர்கள் உளவியலை ஒரு கருவியாகக் கையாண்டு வருகின்றனர். கருவியை எடுப்பவன் அது எங்கே, எதற்காக, யாரால் செய்யப்பட்டது என்பதை அறிந்திருத்தல் நலம்.

பெயரும் பிறப்பும்

‘சைக்காலஜி’ என்ற பெயரைத் தலைப்பில் தாங்கி வெளிவந்த பழைய நூல்களுள் ஒன்று, 1590ஆம் ஆண்டு ஜெர்மனியின் மார்பர்க் நகரில் ருடால்ஃப் கோக்லேனியஸ் தொகுத்து வெளியிட்டதாகும். அந்நூலில் எழுதியவர்கள் இறையியலாரும் தத்துவ அறிஞருமே. அவர்கள் சிறப்பாக ஆராய்ந்த பொருள் ஆத்துமாவின் தோற்றம். அது பெற்றோரிடமிருந்து உடலோடு சேர்ந்து பிள்ளைக்கு வருகிறதா, அன்றி ஒவ்வொரு பிறப்பிலும் இறைவனால் புதிதாகப் படைக்கப்படுகிறதா என்பதே அவர்களது வழக்கு. இதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்னரே, 1540இல், லூத்தரின் உடனூழியரான பிலிப் மெலாங்க்தன் ஆத்துமாவைப் பற்றி விரிவானதோர் உரைநூல் எழுதியிருந்தார். அரிஸ்டாட்டிலின் தத்துவத்தோடு கேலன் வகுத்த உடற்கூற்றியலையும் இணைத்து, மனிதனை உடலும் உள்ளமுமாகச் சேர்த்துக் காட்டிய அந்நூல் சீர்திருத்தச் சபைகளின் பல்கலைக்கழகங்களில் நெடுங்காலம் பாடமாக விளங்கிற்று.

பதினெட்டாம் நூற்றாண்டில் கிறிஸ்டியன் வோல்ஃப் இத்துறையை இரண்டாகப் பகுத்து, அனுபவ உளவியலுக்கு 1732இலும் பகுத்தறிவு உளவியலுக்கு 1734இலும் தனித்தனி நூல்கள் இயற்றினார். உள்ளத்தின் நிகழ்ச்சிகளுக்குக் கணிதத்தைப் பொருத்தவியலாது. ஆதலின் உளவியல் முறையான இயற்கை அறிவியலாக முடியாது என்று 1786இல் இம்மானுவேல் கான்ட் தீர்ப்புரைத்தார். அத்தீர்ப்பை மறுப்பவர்போல 1860இல் குஸ்டாவ் ஃபெக்னர் புலனுணர்ச்சியை அளவிடும் முறைகளை வகுத்தார். 1879ஆம் ஆண்டு லைப்சிக் பல்கலைக்கழகத்தில் வில்ஹெல்ம் வூண்ட் உளவியல் ஆய்வுக்கூடத்தை நிறுவினார். ஃபெக்னர், வூண்ட் இருவருமே போதகர் இல்லங்களில் பிறந்த பிள்ளைகள் என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

இவ்வாறு வரிசைப்படுத்திச் சொல்லும்போது, ஒரே ஆறு மலையிலிருந்து சமவெளிக்கு வந்ததுபோன்ற தோற்றம் உண்டாகிறது. உண்மையில் மார்பர்க் நூலாரும் லைப்சிக் ஆய்வாளரும் ஒரே பொருளைத்தான் ஆராய்ந்தார்களா? பெயர் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றாகிவிடுமா? இக்கேள்வியே பிற்காலத்தில் இப்படிப்பின் உயிர்நாடியாக அமைந்தது.

போரிங் எழுதிய வரலாறு

1929ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வின் போரிங் சோதனை உளவியலின் வரலாற்றை ஒரு பெருநூலாக வெளியிட்டார். 1950இல் திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தது. அமெரிக்க உளவியல் மாணவர் பலருக்கும் தங்கள் துறையின் வரலாறு என்றால் அந்நூலே என்ற நிலை நெடுங்காலம் நீடித்தது. உடலியலும் தத்துவமும் கூடி லைப்சிக் ஆய்வுக்கூடத்தில் ஓர் அறிவியலைப் பெற்றெடுத்தன. அது கடல் கடந்து அமெரிக்காவில் வளர்ந்தது. சோதனையே அதன் இராஜபாட்டை என்பது அவ்வரலாற்றின் சாரம்.

போரிங் பேரறிஞர், அவரது உழைப்பு ஐயத்திற்கு இடமற்றது. ஆயினும் அவர் எழுதிய காலத்தையும் நாம் காண வேண்டும். 1920களில் பள்ளிகளுக்கும் ஆலைகளுக்கும் படைகளுக்கும் தேர்வுமுறைகளைத் தயாரித்துக் கொடுத்த பயன்முறை உளவியலார் செல்வாக்குப் பெற்று வந்தனர். ஹார்வர்டிலோ உளவியல் இன்னும் தத்துவத் துறையின் பிடியிலிருந்து விடுபடவில்லை. ஒருபுறம் தத்துவத்திடமிருந்தும் மறுபுறம் பயன்பாட்டுச் சந்தையிடமிருந்தும் சோதனைக்கூட உளவியலைக் காக்க விரும்பிய ஒருவரின் வாதமாகவும் அந்நூல் அமைந்தது என்பதை 1979ஆம் ஆண்டு ஜான் ஓடானல் என்ற வரலாற்றாய்வாளர் எடுத்துக்காட்டினார். வரலாறு எழுதுகிறவனுக்கும் ஒரு வரலாறு உண்டு என்ற எளிய உண்மை இங்கே புலப்படுகிறது.

நியூ ஹாம்ப்ஷயரில் இடப்பட்ட அடித்தளம்

வரலாற்றைத் தனி ஆய்வுத்துறையாக்க முனைந்தவர் ராபர்ட் வாட்சன். நடத்தைக் கொள்கையைப் பரப்பிய ஜான் வாட்சன் வேறு, இவர் வேறு. ராபர்ட் வாட்சன் மருத்துவ உளவியலில் பணியாற்றியவர். உளவியலார் தங்கள் வரலாற்றைப் புறக்கணித்து வருகிறார்கள் என்று முறையிட்டு 1960ஆம் ஆண்டு அமெரிக்க உளவியல் சங்கத்தின் இதழில் அவர் ஒரு கட்டுரை எழுதினார். ஐந்து ஆண்டுகள் கழித்து அவ்விதை முளைத்தது. 1965இல் நடத்தை அறிவியல்களின் வரலாற்றுக்கென ஓர் ஆய்விதழ் வாட்சனை ஆசிரியராகக் கொண்டு தொடங்கிற்று. அதே ஆண்டில் ஒஹையோ மாநிலத்து ஆக்ரன் பல்கலைக்கழகத்தில் ஜான் பாப்பிள்ஸ்டோன், மரியன் மக்ஃபர்சன் இருவரும் உளவியல் ஆவணக்காப்பகம் ஒன்றை நிறுவி, கடிதங்கள், குறிப்பேடுகள், பழைய கருவிகள், படச்சுருள்கள் ஆகியவற்றைத் திரட்டலாயினர். இதன்பின்னரே 1967இல் நியூ ஹாம்ப்ஷயர் படிப்பு தொடங்கப்பெற்றது. அடுத்த ஆண்டு அங்கே கூடிய கோடைக்காலப் பயிலரங்கிலிருந்து ‘கெய்ரன்’ என்னும் சங்கம் பிறந்தது. கிரேக்கப் புராணத்தில் வீரர்களுக்கு ஆசானாக விளங்கிய கெய்ரனின் பெயரையே அவர்கள் தங்கள் சங்கத்திற்குச் சூட்டினர்.

இம்மேற்படிப்பு கொண்டுவந்த மாற்றம் எத்தகையது? பாடநூலைப் படித்து மற்றொரு பாடநூல் எழுதும் வழக்கம் போய், மூல ஆவணத்தைத் தேடும் ஒழுக்கம் வந்தது. வேதாகமத்தை மூலமொழிகளில் ஆராயும் பயிற்சியுடையோருக்கு இம்மாற்றத்தின் அருமை விளங்கும். விளக்கவுரையின் விளக்கவுரையை நம்பிப் பேசுவதற்கும், மூலத்தைத் தானே திறந்து பார்ப்பதற்கும் உள்ள தூரம் பெரிது.

ஆவணங்கள் பேசியபோது

மூலங்களைத் திறந்தபோது முதலில் மாறியது வூண்ட்டின் உருவம். ஆங்கில வாசகர் அறிந்திருந்த வூண்ட், பெரும்பாலும் அவருடைய மாணவரும் போரிங்கின் ஆசிரியருமான எட்வர்டு டிச்னரின் கண்வழியாகக் காணப்பட்டவர். உள்ளத்தை உணர்ச்சித் துணுக்குகளாகப் பிரித்தெடுக்கும் ஒருவகை வேதியியலார்போல் தோற்றமளித்தவர். 1975ஆம் ஆண்டு ஆர்தர் புளூமென்தால் ஜெர்மன் மூலங்களைக் கொண்டு இவ்வுருவத்தை மறுத்தார். உள்ளத்தின் எளிய நிகழ்ச்சிகளுக்கே சோதனை பொருந்தும். மொழி, புராணம், வழக்கம் முதலிய உயர்ந்த படைப்புகளைச் சமுதாயத்தின் வரலாற்றில் வைத்தே அறியமுடியும் என்பது வூண்ட்டின் கொள்கை. அதற்கேற்ப 1900 முதல் 1920 வரை மக்களின உளவியலைப் பற்றிப் பத்துத் தொகுதிகள் எழுதினார். சோதனை உளவியலின் தந்தை எனப் போற்றப்பட்டவரே சோதனைக்கு எல்லை வகுத்தவர் என்பதும், அவருடைய உழைப்பின் பாதியைப் பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்பதும் இதனால் வெளிப்பட்டன.

இரண்டாவது எடுத்துக்காட்டு ஒரு குழந்தையைப் பற்றியது. 1920ஆம் ஆண்டு ஜான் வாட்சனும் ரோசலி ரேனரும் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் தாம் நடத்திய ஒரு சோதனையை வெளியிட்டனர். பதினோரு மாதக் குழந்தை வெள்ளெலியைத் தொடும்போதெல்லாம் பின்னால் இரும்புத் தண்டைச் சம்மட்டியால் அடித்து அச்சமூட்டி, பின் எலியைக் கண்டாலே அழுமாறு செய்தனர். ‘ஆல்பர்ட்’ என்று பெயரிடப்பட்ட அக்குழந்தையின் கதை உளவியல் பாடநூல்களில் இடம்பெற்றது. 1979இல் பென் ஹாரிஸ் மூல அறிக்கையையும் பாடநூல்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார். குழந்தை அஞ்சிய பொருள்களின் பட்டியலை ஆசிரியர்கள் தங்கள் மனம்போல நீட்டியிருந்தனர். சோதனைக்குப்பின் குழந்தையின் அச்சம் நீக்கப்பட்டதாகச் சிலர் எழுதியிருந்தனர். உண்மையிலோ அச்சத்தை நீக்க எந்த முயற்சியும் நடைபெறவில்லை; அதற்குமுன் குழந்தை மருத்துவமனையை விட்டுச் சென்றுவிட்டது. சான்றாதாரத்தைப் போற்றுவதாகச் சொல்லிக்கொண்ட ஒரு துறை, தன் மனச்சாட்சிக்கு இதமான முடிவைத் தானே இயற்றிக்கொண்டது.

மூன்றாவது, சிரில் பர்ட்டின் கதை. நுண்ணறிவு பெரும்பாலும் பிறவியிலேயே அமைகிறது என்று வாதிட்ட ஆங்கிலேய உளவியலார் அவர். பதினோரு வயதுத் தேர்வு ஒன்றினால் பிள்ளைகளின் கல்விப் பாதையைத் தீர்மானித்த நாட்டில் அவருடைய சொல்லுக்கு எடை மிகுதி. பிரித்து வளர்க்கப்பட்ட ஒத்த இரட்டையர்களைப் பற்றி 1955இல் அவர் வெளியிட்ட ஆய்வில் 21 இணைகள் இருந்தனர்; 1966இல் 53 இணைகள் ஆயினர். ஆயினும் ஒரு தேர்வில் கிடைத்த ஒட்டுறவுக் கெழு 0.771 என்றே மூன்று தசம இலக்கம்வரை மாறாதிருந்தது. இவ்வியப்பை 1970களில் லியான் கேமின் சுட்டிக்காட்டினார். 1971இல் பர்ட் மறைந்தபோது நினைவுரை ஆற்றியவர் உளவியல் வரலாற்றறிஞர் லெஸ்லி ஹெர்ன்ஷா. பர்ட்டின் சகோதரி அவரையே வாழ்க்கை வரலாறு எழுதுமாறு வேண்டினார். மதிப்போடு பணியை ஏற்ற ஹெர்ன்ஷா, நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் ஆராய்ந்தபின், பிற்கால ஆய்வுகளில் சில இட்டுக்கட்டப்பட்டவை என்ற முடிவுக்கு வந்து 1979இல் அதை அச்சிட்டார். பின்னர் 1989இலும் 1991இலும் பர்ட்டின் சார்பாக நூல்கள் எழுந்தன. வழக்கு முற்றும் ஓய்ந்துவிடவில்லை. ஆயினும் அன்பினால் தொடங்கிய எழுத்தாளர், ஆவணம் சொன்னதற்குக் கீழ்ப்படிந்தார் என்பது அறிஞருலகம் மறக்கலாகாத செய்தி.

யோக்யகர்த்தாவில் எழுந்த கேள்வி

பிழை திருத்துவதோடு இத்துறை நின்றிருந்தால் அது ஒரு நல்ல கணக்குத் தணிக்கை என்ற அளவில் அமைந்திருக்கும். அதனைக் கோட்பாட்டு ஆய்வாக உயர்த்தியவருள் தலையாயவர் யார்க் பல்கலைக்கழகத்தின் கர்ட் டான்ஸிகர். 1926இல் ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் பிறந்து, சிறுவயதிலேயே தென்னாப்பிரிக்காவில் குடியேறி, ஆக்ஸ்ஃபோர்டில் எலிகளைக் கொண்டு ஆய்வு செய்து பட்டம் பெற்றவர் அவர். நிறவெறி அரசோடு இணங்காமல் 1965இல் தென்னாப்பிரிக்காவைவிட்டு வெளியேறி யார்க்கை அடைந்தார்.

அதற்குமுன் 1957 முதல் 1959 வரை இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நகரிலுள்ள காஜா மாடா பல்கலைக்கழகத்தில் அவர் உளவியல் கற்பித்தார். அங்கே சென்றபோது, தம் பாடத்தோடு வேறோர் உளவியலும் கற்பிக்கப்படுவதைக் கண்டார். அதன் பெயர் ‘இல்மு ஜிவா’. ‘இல்மு’ அரபியிலிருந்து வந்த சொல். அறிவு என்பது பொருள். ‘ஜிவா’ வடமொழியின் ‘ஜீவ’ என்பதே. இந்து தத்துவ மரபில் வேரூன்றி, இஸ்லாமியச் சிந்தனையும் ஜாவானியர் விளக்கமும் கலந்து வளர்ந்த அறிவுத்துறை அது. இரண்டு உளவியல்களையும் மாணவர்முன் ஒப்பிட்டுக் கருத்தரங்கு நடத்தலாம் என்று டான்ஸிகர் தம் இந்தோனேசிய உடனாசிரியரை அழைத்தார். அவரும் இசைந்தார். ஆனால் எந்தத் தலைப்பில் பேசுவது? செயலூக்கத்தைப் பற்றிப் பேசலாமா என்றார் டான்ஸிகர். அவர் அத்தலைப்பின்கீழ் அடுக்கியவை ஒன்றோடொன்று தொடர்பற்ற பல பொருள்கள், அவற்றை ஒரே கூடையில் இடுவதற்கு நியாயம் காணோம் என்றார் மற்றவர். மற்றவர் முன்வைத்த தலைப்புகளோ டான்ஸிகருக்கு உளவியலாகவே தோன்றவில்லை. கருத்தரங்கு நடைபெறவேயில்லை.

நடைபெறாத அக்கருத்தரங்கு நாற்பதாண்டு ஆய்வுக்கு வித்தாயிற்று. 1997இல் வெளிவந்த நூலில் டான்ஸிகர் இந்நிகழ்ச்சியைக் கூறியே தம் வாதத்தைத் தொடங்குகிறார். நுண்ணறிவு, நடத்தை, செயலூக்கம், மனப்பான்மை, ஆளுமை என உளவியல் இயல்பாக வழங்கும் பகுப்புகள், மரம், பாறை என்பவைபோல உலகில் முன்னரே வகுபட்டுக் கிடந்தவையல்ல. குறிப்பிட்ட சமுதாயங்கள் குறிப்பிட்ட தேவைகளுக்காகத் தொகுத்துப் பெயரிட்டவை. இருபதாம் நூற்றாண்டில் ஆசிரியரும் ஆலை முதலாளியும் மக்களை முயற்சிசெய்ய வைக்கும் வழியைத் தேடியபோதுதான் ‘செயலூக்கம்’ என்ற தனித் தலைப்பு பாடநூலில் நிலைபெற்றது.

இதனால் உளவியல் கற்பனை என்று டான்ஸிகர் சொல்லவில்லை. பசியும் அச்சமும் நினைவும் எங்கும் உண்டு. அவற்றை எவ்வாறு தொகுக்கிறோம், எதற்காகத் தொகுக்கிறோம் என்பதில்தான் வரலாறு புகுகிறது.

சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும்

1990இல் எழுதிய மற்றொரு நூலில், சோதனைக்கூடத்தில் நிகழும் மனித உறவையே அவர் ஆராய்ந்தார். லைப்சிக்கில் சோதனை நடத்துபவரும் உட்படுபவரும் தங்களுக்குள் இடம் மாறிக்கொண்டனர். பேராசிரியரே உட்படுபவராக அமர்வதும் உண்டு; கட்டுரையில் அவரவர் பெயர் அச்சாயிற்று. பாரிஸில் மனமயக்கச் சோதனை நடத்திய மருத்துவரோ எப்போதும் மருத்துவர். நோயாளி எப்போதும் நோயாளி. மூன்றாவது வகையை ஃபிரான்ஸிஸ் கால்டன் 1884இல் இலண்டன் சுகாதாரக் கண்காட்சியில் காட்டினார். மூன்று பென்ஸ் செலுத்திய 9,337 பேரின் பார்வையும் கேள்வியும் பிடிவலிமையும் அங்கே அளக்கப்பட்டன. அந்நிறுவனத்திற்கு அவர்கள் பெயரில்லாத எண்களே. இம்மூன்றனுள் கால்டன் வழியே அமெரிக்காவில் வெற்றி பெற்றது என்பதை, பல்லாண்டு ஆய்விதழ்க் கட்டுரைகளை எண்ணிக் கணக்கிட்டு டான்ஸிகர் நிறுவினார். தனிமனிதன் மறைந்து சராசரி அரியணை ஏறிற்று. பள்ளிக்கும் படைக்கும் நிர்வாகத்துக்கும் அதுவே வேண்டியிருந்தது.

இதன் விளைவு ஏட்டோடு நிற்கவில்லை. முதல் உலகப்போரின்போது ஏறத்தாழ 17 இலட்சம் அமெரிக்கப் படையினருக்கு நுண்ணறிவுத் தேர்வு நடத்தப்பட்டது. ‘மந்தபுத்தி’ என்பது விஞ்ஞானப் பெயராகிவிட்ட அந்நாட்டில், அவ்வாறு வகைப்படுத்தப்பட்ட ஓர் இளம்பெண்ணுக்குக் கட்டாயக் கருத்தடை செய்வதை 1927ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் அனுமதித்தது. ஒரு சொல் அறிவியலின் ஆடையை உடுத்துக்கொண்டால் அதற்கு வாளின் கூர்மையும் வந்துவிடுகிறது.

இருபுறத்து எதிர்ப்பு

இம்மேற்படிப்பு எங்கும் எளிதில் வரவேற்கப்பட்டதெனல் ஆகாது. பொருளில் நாட்டமுண்டு, வரலாற்றுப் பயிற்சி போதாது என்று அறிவியல் வரலாற்றாசிரியர் குறை கூறினர்; ராபர்ட் யங் 1966இலேயே அத்தகைய கடுமையான திறனாய்வை எழுதினார். உளவியல் துறையினரோ, ஆய்வுக்கூடம் வேண்டாத மாணவன் நம் துறைக்கு எதற்கு என்று வினவினர். வரலாற்றுத் துறையிலும் உளவியல் துறையிலும் விருந்தினராகவே இருப்பது இப்படிப்பின் விதி போலும்.

ஆனால் வீட்டுக்குள் இருந்துகொண்டே வீட்டின் அடித்தளத்தை வினவுகிறவன் ஒருவன் தேவை. வெளியிலிருந்து வருகிற கண்டனத்தை ஒரு துறை எளிதில் தள்ளிவிடும். தன் மாணவனே தன் கருவிகளையும் தன் சொற்களையும் அறிந்து கேட்கும் கேள்வியை அவ்வாறு தள்ளவியலாது.

நாம் கற்கத்தக்கது

‘ஜிவா’ என்ற சொல் நமக்கு அந்நியமன்று. புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல்லாகிய ‘ப்ஸுகே’ நம் தமிழ் வேதாகமத்தில் இடத்திற்கேற்ப ‘ஆத்துமா’ என்றும் ‘ஜீவன்’ என்றும் வருகிறது. அதே கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த ‘சைக்காலஜி’யை நாம் ஆத்தும நூல் என்றோ ஜீவ நூல் என்றோ அழைக்காமல், ‘மனோதத்துவம்’ என்றும் ‘உளவியல்’ என்றும் வழங்குகிறோம். யோக்யகர்த்தாவில் இரண்டு ஆசிரியர்களுக்கிடையே நின்ற அதே இடைவெளி, இறையியல் மாணவன் காலையில் படிக்கும் வேதபாடத்திற்கும் மாலையில் படிக்கும் ஆலோசனைப் பணிப் பாடத்திற்கும் இடையே நிற்கிறது. இரண்டிலும் மனிதனைப் பற்றியே பேசுகிறோம் என்பதால் இரண்டும் ஒன்றையே பேசுகின்றன என்று கொள்ளுதல் அவசரமாகும். ஒன்றை மற்றதால் எளிதில் தள்ளிவிடுதலும் அவ்வாறே.

துயருற்று வருகிற ஒருவரை நாம் சந்திக்கும்போது, நம் கையிலுள்ள வினாத்தாளும் வகைப்பெயரும் யாரோ ஒருவர் யாருக்காகவோ அமைத்தவை என்பதை நினைவிற்கொள்வோமாக. அவை பயன் தரலாம். பலருக்குத் தந்தும் இருக்கின்றன. ஆனால் அவை கூறுவதற்கு முன்னரே அம்மனிதர் தம்மைப் பற்றித் தம் சொந்தச் சொற்களில் கூறுவதற்கு ஏதோ ஒன்று வைத்திருக்கிறார். லைப்சிக்கின் பழைய ஆய்வுக்கூடத்தில் உட்படுபவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அப்பெயரை மீண்டும் எழுதக் கற்பதே உளவியலின் வரலாறு தன் மாணவருக்குத் தரும் முதற்பாடமாகும்.